மும்பை முனிசிபாலிட்டி ஸ்கூலில் படிப்பைத் தேற்ற: புதிதாக உள்ளே போகிறவர்களுக்கு

உங்கள் பெயரைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போட்டுவிட்டார்கள். அல்லது வேலை முடிந்த நேரத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று நீங்களாகவே கிளம்பிவிட்டீர்கள். அல்லது தாராவியிலோ ஆண்டாப் ஹில்லிலோ சீத்தா கேம்ப்பிலோ ஒரு தமிழ் மீடியம் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராக இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். 6, 7, 8 வகுப்புகள். "இந்த ஸ்கூல்ல படிப்பே இல்ல" என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எங்கே கைவைப்பது?

பாடத்திட்டத்தில் கைவைக்காதீர்கள். ஏழாம் வகுப்பு அறிவியலை இன்னும் நன்றாக நடத்தினால் ரிசல்ட் வந்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆனால் அந்த அறிவியல் பாடத்தைத் தானாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே கணிசமாக உட்கார்ந்திருப்பார்கள். தினம் ஒரு மணி நேரம், எந்த வகுப்பு என்று பார்க்காமல் யாருக்கு எது தெரியும் என்று பார்த்துப் பிரித்து உட்கார வைத்து, வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் மட்டும் சொல்லிக்கொடுங்கள். மற்றதெல்லாம், அதாவது வருகை, கண்ணாடி, கமிட்டி, வீட்டுக்குப் போய்ப் பேசுவது எல்லாமே, அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றத்தான்.

முதல் வாரம் பார்க்க மட்டும்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதனால் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு மூன்று பள்ளிகள் இருப்பது சாதாரணம்: மராத்தி ஒன்று, தமிழ் ஒன்று, இந்தியோ உருதுவோ இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி ஹெச்.எம்., காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட். நீங்கள் சுவரில் ஒட்டிய சார்ட் மறுநாள் இருக்கும் என்று நம்பாதீர்கள். சார்ட், குச்சிக்கட்டு, கதைப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். சாவி ஒன்று உங்களிடம், ஒன்று பியூனிடம். பியூனோடு சிநேகமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது முதல் மழை நாளிலேயே புரிந்துவிடும்.

வெளியாளாகப் போகிறவர்கள் ஹெச்.எம்.மிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே போகக் கூடாது. வார்டு ஆபிசுக்கு முதலில் போய் அங்கிருந்து சொல்லச்சொல்லி வருவது இன்னும் மோசம், அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் யாரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். டீச்சர்கள் மேல் பழி போட்டுக்கொண்டு நுழைகிறவர்கள் நாலாவது வாரத்தில் காணாமல் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் போர்ஷன் முடிக்க வேண்டும், இன்னொரு பக்கம் ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரம், பள்ளிகளை மேற்பார்வையிடும் பீட் ஆபிசர் வருகை, நடுவில் எலெக்‌ஷன் டியூட்டி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றே போதும், ஒரு மாதம் போய்விடும்.

இந்த வாரத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, 6 முதல் 8 வரை கணக்கும் அறிவியலும் எடுக்க ஆள் இருக்கிறாரா, மொழிக்கும் சமூக அறிவியலுக்கும் தனித்தனியாக இருக்கிறார்களா. சட்டப்படி இந்த வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், வருஷத்துக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரப் பாடம். அப்புறம் வருகைப் பதிவேட்டில் போன மூன்று மாதத்தைப் புரட்டிப் பாருங்கள். யார் யார் வாரத்துக்கு இரண்டு நாள் காணாமல் போகிறார்கள் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியலை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று இருந்த காலத்தில் வந்த பழக்கம், எல்லோருக்கும் ஏதோ ஒரு கிரேடு விழுந்துவிடும். 2019-இல் சட்டத்தைத் திருத்தி 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு விட்டார்கள், மகாராஷ்டிராவும் அந்தத் தேர்வைக் கொண்டுவந்தது. பயம் கூடியிருக்கிறது, வாசிப்பு கூடவில்லை.

ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வையுங்கள்

இதுதான் முழு வேலையிலும் முக்கியமான இடம், அவசரப்படாதீர்கள். எழுத்துத் தேர்வு வேண்டாம். வராண்டாவில் ஒரு பெஞ்ச், ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை, ஆளுக்கு ஐந்து நிமிஷம். பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க நாடு முழுக்க 2005 முதல் நடக்கும் அசர் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் தாள் தமிழிலும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பக்கத்தில் எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு நிலையில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை. பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடங்கல் இல்லாமல் வாசித்தால் கதைக்கு மேலே போங்கள், திணறினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்குங்கள். எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் நிலை, அவ்வளவுதான்.

பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தமிழ்ப் பாடத்தின் முதல் பத்தியைக் கடகடவென்று சொல்லிவிட்டான், கண் புத்தகத்தில்கூட இல்லை. வகுப்பே சேர்ந்து கத்திப் படித்துப் படித்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஒரு துண்டுத் தாளில் "கொக்கு குளத்து ஓரத்தில் நின்றது" என்று எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்தான். "கெ... கா... காக்கா" என்றான். முன்னால் இருக்கும் கொம்பைத் தனியாகவும் பின்னால் இருக்கும் காலைத் தனியாகவும் பார்க்கிறான், இரண்டும் சேர்ந்து "கொ" என்பது அவனுக்கு யாரும் நிறுத்திச் சொல்லித் தராத விஷயம். "அக்கா, எழுத்தெல்லாம் தெரியும், சேத்துப் படிக்கத்தான் வரல" என்று அவனே சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மாதத்துப் பாடத்திட்டமே இருக்கிறது.

நம் எழுத்தில் பிள்ளைகள் தட்டுப்படும் இடங்கள் எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், கொ–கோ–கௌ, சுழி கூடக் குறைய வரும் ந–ன–ண, துணைக்கால் எங்கே சேர்கிறது என்பது, அப்புறம் "கு, டு, மு, பு" என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வளையும் உகரம். ல–ள–ழவை எழுதுவதில் தவறு வந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது வாசிப்பைத் தடுக்காது. நீங்கள் வைத்திருக்கும் நோட்டில் பேருக்கு நேரே "சொல் நிலை, கொம்பு குழப்பம்" என்று நாலு வார்த்தை எழுதினால் போதும். எல்லோர் முன்னாலும் நிலையை அறிவிக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டால் மறுநாள் வராது.

வகுப்பைக் கலைத்து ஒரு மணி நேரம்

அடுத்து ஹெச்.எம்.மிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: கால அட்டவணையில் 6 முதல் 8 வரை எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பை விட்டு எழுந்து தங்கள் நிலைக் குழுவுக்குப் போவார்கள். எழுத்து நிலைக் குழு சின்னதாக இருக்கட்டும், அதற்குப் பள்ளியிலேயே நல்ல டீச்சரைப் போடுங்கள். கதை வாசிக்கிற குழு பெரிதாக இருந்தாலும் தாங்கும். நடைமுறையில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும், கெட்டிக்காரப் பிள்ளைகளை ஸ்காலர்ஷிப்புக்குத் தயார் செய்ய நல்ல டீச்சர், மீதிப் பேருக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள். இதை மாற்றச் சம்மதம் வாங்கிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி.

இந்த யோசனை வெளியூரிலிருந்து வந்ததில்லை, இதே ஊர் மாநகராட்சிப் பள்ளிகளில் முளைத்தது. 1995-இல் யுனிசெஃப்பும் மாநகராட்சியும் சேர்ந்து ஆரம்பித்த பிரதம் அமைப்பு, பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பிள்ளைகளை 15, 20 பேராகத் தினம் இரண்டு மணி நேரம் வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க வைத்தது. பால்சகி என்று பேர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவர்கள் மும்பையிலும் வடோதராவிலும் அதை அளந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டார்கள், பின்னாளில் 2019-இல் நோபல் வாங்கினார்களே, அவர்களேதான். முன்னேற்றம் முழுக்கப் பால்சகியிடம் போன பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. அவர்கள் போனதால் கூட்டம் குறைந்த வகுப்பில் மிச்சம் இருந்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாக மாறவில்லை. வகுப்பில் கூட்டத்தைக் குறைத்தாலே போதும் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஆய்வு 3, 4 வகுப்புப் பிள்ளைகளோடு நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நம் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், "அணில் ஆடு" படம் போட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் ஒரு சின்னக் கதையை நீங்கள் சத்தமாக, விரலை வைத்து வாசியுங்கள். அப்புறம் எல்லோரும் கூடவே வாசிக்கட்டும். அப்புறம் ஒவ்வொருவரும் இரண்டு வரி. அதிலிருந்து இரண்டு எழுத்து வரிசையை மட்டும் எடுத்து உயிர்மெய் அட்டவணையில் ஓட்டுங்கள்: க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடுவதோடு நிற்காமல், குறுக்கிலும் நெடுக்கிலும் கைவைத்துக் கேளுங்கள், வரிசையைக் கலைத்தால்தான் யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்பது வெளியே வரும். பிறகு பேச்சு: உங்கள் தெருவில் நேற்று என்ன நடந்தது, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது. அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே போர்டில் எழுதுங்கள், பார்த்து எழுதி, வாசித்து, வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். தான் சொன்னதைத் தானே வாசிக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டத் தயங்காது.

புத்தகத்துக்குப் பணம் தேடி அலைய வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசம், பிரிண்ட் எடுத்துக்கொள்ளவும் தடையில்லை. தமிழ்நாட்டு அரசு 2022-இல் ஆரம்பித்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் போட்ட பயிற்சித் தாள்களும் எழுத்து நிலைக் குழுவுக்கு நன்றாக உதவும். நம் பிள்ளைகள் மகாராஷ்டிரா போர்டு, பாலபாரதி புத்தகம், அது வேறு இது வேறு என்று சிலர் தயங்குவார்கள். வாசிக்கக் கற்பதற்கு எந்த போர்டாக இருந்தால் என்ன?

கணக்கு

வாசிப்பு மாதிரியேதான், ஆனால் இங்கே பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது நிறைய இருக்கிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லித் தாளைக் கொடுங்கள். நிறையப் பேர் 35 என்று எழுதுவார்கள். மேலே 2, கீழே 7, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 5. அப்புறம் 5-இல் 2 போக 3. கடன் வாங்குவது கைக்கு வரவில்லை. அதே பிள்ளையிடம், "52 ரூபா வச்சிருக்க, 27 ரூபாய்க்கு மாவு வாங்கிட்ட, மிச்சம் எவ்ளோ?" என்று கேளுங்கள். "25" என்று உடனே வரும், சில பேர் நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதே விஷயத்தைப் பார்த்து எழுதிய ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. கடையில் மனக்கணக்குச் சரியாகப் போடுகிறவர்கள் பள்ளிக்கணக்கில் திணறுகிறார்கள். பள்ளிக்கணக்கு போடுகிறவர்கள் கடைக்கணக்கில் திணறுகிறார்கள்.

ஆகவே ரூபாயில் ஆரம்பித்துத் தாளுக்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சியும் உதிரிக் குச்சியும் போதும். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி கொடு என்றால் இல்லை, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போதே போர்டில் 5-ஐ அடித்து 4, பக்கத்தில் 12. கையும் எழுத்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஒரு நாள் குச்சி, மறுநாள் போர்டு என்று பிரித்தால் ஒட்டாது. வகுத்தலில் நடுப் பூஜ்யத்தைக் கவனியுங்கள். 824-ஐ 8-ஆல் வகுக்கச் சொன்னால் 13 என்று எழுதுகிறவர்களுக்கு வாய்ப்பாடு நன்றாகத் தெரியும், 2-இல் 8 போகாதபோது அந்த இடத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்பதுதான் தெரியாது. "800 ரூபாயை எட்டுப் பேருக்குப் பிரித்தாலே ஆளுக்கு 100 ஆச்சே, அப்புறம் எப்படி 13 வரும்?" என்று கேட்டால் பிள்ளையே ரப்பரைத் தேடும். பின்னம், தசமம், விகிதம் எல்லாம் இதற்கு அப்புறம்தான் ஏறும்.

வராத பிள்ளை

முதலில் ஜூன். தமிழ்நாட்டில் பள்ளி சீக்கிரமே திறந்துவிடும், இங்கே ஜூன் நடுவில்தான். அப்படியும் நம் பிள்ளைகள் திறந்து பல நாள் கழித்துத்தான் வருவார்கள், ஏனென்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் ஊருக்குப் போனவர்களுக்குத் திரும்ப டிக்கெட் கிடைத்திருக்காது. ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, ஜூன் 10 வண்டிக்கு ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் உட்கார வேண்டும். இதை மார்ச் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே போர்டில் தேதி போட்டு எழுதிச் சொல்லுங்கள், முடிந்தால் ஆன்லைனில் எடுத்துத் தர ஓர் ஆளையும் உட்கார வையுங்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆடியில் அம்மன் கொடைக்குப் போகும் குடும்பங்களிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. கொடை கொடைதான். போகும்போது பிள்ளை கையில் இரண்டு கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஜூலை மழை, கணபதி விடுமுறை, தீபாவளி விடுமுறை என்று காலண்டர் முழுக்க ஓட்டை. அதனால் விடுமுறை முடிந்த மறுநாள் புதிதாக எதையும் ஆரம்பிக்காமல், எல்லோரையும் ஒரு முறை வாசிக்க வைத்துப் பாருங்கள்.

வாரா வாரம் காணாமல் போகிறவர்கள் வேறு ரகம். காலையில் இட்லி வியாபாரம் நடக்கும் வீட்டில் விடியுமுன்பே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும், பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வரும் பிள்ளை முதல் பீரியடில் தூங்கும் அல்லது வரவே வராது. தண்ணீர் வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டிய பெண் பிள்ளை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட அக்கா. இவர்கள் வீட்டுக்கு நேரில் போங்கள், ராத்திரி எட்டரைக்கு மேல், அப்பாவும் அம்மாவும் இருக்கும் நேரமாகப் பார்த்து. "ஏன் அனுப்பல?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணாச்சி, பாப்பா நல்லா வாசிக்க ஆரம்பிச்சிருக்கா, இந்த மாசம் மட்டும் லீவு போடாம அனுப்புங்க, அப்புறம் நீங்களே கேட்டுப் பாருங்க" என்று ஆரம்பியுங்கள். அவர்களால் செய்ய முடிந்த ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் கேளுங்கள்: பாத்திரம் கழுவுவதைச் சாயங்காலத்துக்கு மாற்றுவது மாதிரி. நிலைக் குழு நேரத்தை முதல் பீரியடில் வைக்காமல் இரண்டாவதில் வைத்தால் தாமதமாக வருகிறவர்களும் சிக்குவார்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அது அடி. சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சில பெற்றோரே "நல்லா நாலு போடுங்க டீச்சர்" என்பார்கள், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். வாசிக்க வராத பிள்ளை அடிக்குப் பயந்து லீவு போடும், லீவு போட்டால் இன்னும் வாசிக்க வராது.

கண்ணும் ரத்தமும்

போர்டிலிருந்து எழுதும்போது பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்களைக் குறித்துவையுங்கள். பாதிப் பேருக்கு அது சோம்பேறித்தனம் இல்லை, கண். ஒன்றிய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும், எப்போது வந்தது, யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தது, அதற்கப்புறம் கண்ணாடி கிடைத்ததா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் நின்றுபோயிருக்கும். தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், நாலைந்து பிள்ளைகளைப் பெற்றோர் ஒருவரோடு சேர்த்து அனுப்பிவிடலாம். வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை 10 வயதுக்கு மேல் எல்லோருக்கும் உண்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுத்தால் வயிறு புரட்டாது. அந்தச் சாப்பாட்டில் 6 முதல் 8 வரை ஒரு பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 700 கலோரி, 20 கிராம் புரதம் என்பது கணக்கு. கமிட்டி உறுப்பினராக இருந்தால் வாரம் ஒரு நாள் நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

கமிட்டியை வேலை செய்ய வைப்பது

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும் மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் இந்தக் குழுவின் பொறுப்பு. நடைமுறையில் டீ, பிஸ்கட், கையெழுத்து. கூட்டத்துக்குப் போனால் பழைய தீர்மானப் புத்தகத்தை வாங்கி வாசியுங்கள், அப்புறம் ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்வி போதும்: "போன மாதம் எத்தனை பிள்ளைகள் கதை நிலைக்கு ஏறினார்கள்?" முதல் தடவை யாரிடமும் பதில் இருக்காது. மூன்றாவது தடவை ஹெச்.எம். தாளோடு வருவார்.

காலிப் பணியிடம், கழிப்பறை, விளக்கு மாதிரி விஷயங்களுக்கு வாய்ப் பேச்சில் எதுவும் நகராது. மராத்தியில் மனு எழுதுங்கள், தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மராத்தி நன்றாக எழுதும் ஒருவரைக் கூப்பிடுங்கள், நிச்சயம் இருப்பார்கள். கமிட்டித் தீர்மான நகலை இணைத்து வார்டு கல்வி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் ஜெராக்ஸ் நகலில் இன்வர்ட் நம்பரும் (மனு வந்து சேர்ந்ததற்கான பதிவு எண்) முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த முறை போகும்போது அந்த நம்பரைச் சொன்னால்தான் உங்களை உட்காரச் சொல்வார்கள்.

பெற்றோருக்கு

"படிச்சியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, ராத்திரி சாப்பிடுமுன் பத்து நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம்: பிள்ளை தடுமாறினால் காதுக்குத் தெரியும், கதை புரியவில்லை என்றால் "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாலே போதும். டியூஷன் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் கைடைப் பார்த்துக் கேள்வி பதில் எழுத வைக்கும் டியூஷன் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும், வாசிப்பைக் கொடுக்காது. காசு கொடுக்கிறீர்கள் என்றால் அங்கேயும் வாசிக்க வைக்கச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியரே தனியாக டியூஷன் எடுப்பதைச் சட்டம் 28-ஆவது பிரிவில் தடுக்கிறது.

எட்டாவதுக்கு அப்புறம்

ஏழாம் வகுப்பிலேயே கேட்டுவைக்க வேண்டிய கேள்வி: இங்கே எட்டாவது முடித்தவர்கள் ஒன்பதாவதுக்கு எந்தப் பள்ளிக்கு, எந்த மீடியத்துக்குப் போகிறார்கள்? தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறுகிறவர்கள் முதல் யூனிட் டெஸ்டிலேயே விழுவது கணக்கோ அறிவியலோ தெரியாததால் இல்லை, கேள்வித்தாளில் இருக்கும் சொல் புரியாததால்தான். அதனால் 7-ஆவதிலிருந்தே தினம் மூன்று சொல்: பின்னம் பக்கத்தில் ஃபிராக்‌ஷன், பரப்பளவு பக்கத்தில் ஏரியா, சுற்றளவு பக்கத்தில் பெரிமீட்டர். நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவந்தாலே ஒரு வருஷத்தில் ஒரு சின்ன அகராதி சேர்ந்துவிடும். மராத்தியையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தெருவில் பேசுவது பாதி இந்திதான் என்றாலும் தேவநாகரி எழுத்து கண்ணுக்குப் பழகியிருக்கும், அதனால் மராத்தி வாசிப்பு நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும்.

கதை நிலையைத் தாண்டியவர்களை எட்டாவதில் ஒன்றிய அரசின் ஸ்காலர்ஷிப்பான என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு அனுப்புங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் மதிப்பெண், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. மனத்திறன் ஒன்று, பாடத்திறன் ஒன்று, இரண்டிலும் 90 கேள்வி. வருமானச் சான்றிதழ் வாங்க அலைச்சல் அதிகம், கணபதிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். தேறிய பிள்ளை ஒன்பதாவதில் தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறினால் இந்தப் பணம் கிடைக்காது, சேர்க்கைக்கு முன்னாலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

திரும்ப அளப்பது

ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதே ஐந்து நிமிஷச் சோதனை, ஆனால் வேறு கதை, வேறு எண்கள். ஏறியவர்களை அன்றே அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள், காத்திருக்க வைக்காதீர்கள். முதல் முறை எழுத்துக் குழு நன்றாகவே கரையும். அதற்கப்புறம் சில பேர் அசையாமல் நிற்பார்கள், அவர்களில் வராதவர் யார், கண்ணாடி தேவைப்படுகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லாமல், தினம் வந்தும் எழுத்து பிடிபடவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். சயான் ஆஸ்பத்திரியில் அதற்கான பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லி ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

கடைசிச் சோதனையை ஏப்ரல் பரீட்சைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், பரீட்சை முடிந்த மறுநாள் பாதிப் பேர் ரயிலில் இருப்பார்கள். பேர், நிலை, தட்டுப்படும் எழுத்து, தட்டுப்படும் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி மூன்று நகல் எடுங்கள்: ஹெச்.எம்.முக்கு ஒன்று, கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில் ஒட்ட ஒன்று, டிரங்குப் பெட்டிக்குள் ஒன்று. ஜூனில் டீச்சர்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் புதிதாக வருகிறவருக்குப் பழைய மார்க் ஷீட்டைக் கொடுப்பதற்குப் பதிலாக அந்தத் தாளைக் கொடுங்கள், எட்டாவது முடித்துப் போகிற பிள்ளைகளுடையதை அவர்கள் சேரப்போகும் பள்ளியின் வகுப்பாசிரியர் கையில் நேராகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.